மீன்களுக்குக் கறி விளம்பியவன்

என் மருமகன்மீது நான் ஒரு பொய்ப்பழி சுமத்தினேன். மறைவில் அல்ல. அவன் எதிரில் நின்று, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுமத்தினேன். எல்லாம் ஒரு துண்டு அயிலை மீனுக்காக. அந்தத் துண்டையாவது தின்றேனா என்றால் அதுவும் இல்லை. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ மாணவர்களின் நன்னடத்தைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். (அவர்கள் யாரும் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.)

எங்கள் வீடு மலையாள எல்லைக்குள், கொல்லயிலில். சிந்து எங்களுக்கு ஒரே மகள். பொழியூர்க் கடற்கரையில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஜெரோமை அவள் விரும்பி மணந்துகொண்டாள். நான் கொஞ்ச நாள் கத்திப் பார்த்தேன். மனைவி ராதாமணி சமைப்பதை நிறுத்தினாள். நான் கத்துவதை நிறுத்தினேன்.

ஆனால் சரோஜினி அக்கா அப்படி அடங்குகிறவள் அல்ல. அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியவள். காட்டாக்கடையில் இருந்துகொண்டே எங்கள் வீட்டை ஆள்கிறவள். நாங்கள் தேங்காய் வெட்டுவதற்குக்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம். அவள் சிந்துவின் கல்யாணத்துக்கு வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினாள். கல்யாணம் முடிந்து வெகுநாள் ஆன பிறகும் ஜெரோமின் பேச்சு வந்தால் அந்த வயிற்றுவலி திரும்ப வந்துவிடும்.

சிந்து பிள்ளையாண்டிருந்தபோதுதான் சிக்கல் முற்றியது. எங்கள் பக்கம் வயறுகாணல் என்று ஒரு சடங்கு உண்டு. ஏழாம் மாதத்தில் பெண் வீட்டார் பலகாரங்களுடன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துவிட்டு வருவார்கள். குடும்பத்தின் மூத்த பெண் முன்னால் நடக்க வேண்டும். எங்களுக்கு அது அக்காதான்.

“அத்தை வரலேன்னா ஆரும் வரண்டாம்பா. எனக்கு ஒரு பலகாரமும் வேண்டாம்” என்று சிந்து சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அழுதாள். 

ராதாமணி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜெரோம் எப்படிப்பட்டவன் என்று அக்கா ஒரு பகல் முழுக்கக் கூட இருந்து பார்க்கட்டும். எங்கள் வீடும் வேண்டாம், அவர்கள் வீடும் வேண்டாம். கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம் இருக்கிறது, எல்லோரும் அங்கே போய் வரலாம் என்றாள். மீன் பார்க்க அக்காவுக்கும் ஆசைதான். சம்மதித்துவிட்டாள்.

அன்று காலையில் அக்கா ஒரு சாக்குப்பையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும், கையில் ஒரு எவர்சில்வர் தூக்குமாக வந்து இறங்கினாள். தூக்கில் முந்தின நாள் வைத்த அயிலைக் கறி. குடம்புளி போட்டு, ஒரு இரவு சட்டியிலேயே கிடந்து ஊறிய கறி. அதன் வாசனை மூடியைத் தாண்டி வந்து என் பெயரைச் சொல்லி அழைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். ராதாமணி உப்பை மட்டுமல்ல, மிளகாய், புளி, எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நாடு கடத்திவிட்டாள். பல மாதங்களாக நான் தின்றது வெந்நீரில் வெந்த மீன். அதை மீன் என்று அந்த மீனே ஒத்துக்கொள்ளாது.

காட்சியகத்தில் வண்டியை நிறுத்தியதும் அக்கா தூக்கை என்னிடம் நீட்டினாள். “எலே சோமா, இத வண்டியில வச்சா வெயிலுக்குக் கெட்டுப்போவும். நீ கையிலயே வச்சுக்கோ. சரிச்சுப் பிடிக்காத, கேட்டியா?”

வாசலில், உணவுப்பொருள் கொண்டுவரக் கூடாது என்று மலையாளத்தில் பெரிதாக எழுதியிருந்தது. வகுப்பில் மிட்டாய் தின்ற மாணவனை வெளியே நிறுத்தியவன் நான். தூக்கைத் துணிப்பையில் போட்டு, மேலே செய்தித்தாளை மூடினேன். காவலர் பையைக் காட்டி என்ன என்று கேட்டார். “மருந்து” என்றேன்.

உள்ளே எல்லாம் நல்லபடி நடந்தது. நல்லபடி நடந்ததை நானே கெடுத்தேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். தரை ஈரமாக இருந்ததால் ஜெரோம் அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். கண்ணாடிக்குள் ஒரு விலாங்கு பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டியதும் அக்கா பயந்து அவன் தோளைப் பற்றிக்கொண்டாள். பற்றிய கையை எடுக்கவும் இல்லை.

“இதெல்லாம் வலையில கிட்டுமா மக்கா?” என்று கேட்டாள்.

அவள் வாயிலிருந்து, பெற்ற பிள்ளையை அழைக்கும் ‘மக்கா’ வந்துவிட்டது! ராதாமணி என் விலாவில் கிள்ளினாள். சிந்துவின் முகம் மலர்ந்தது. இனி வயறுகாணல் நடந்த மாதிரிதான் என்று நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் நினைத்தோம். கொஞ்சம் கழித்து சிந்து தாகம் என்றாள். ஜெரோம் தண்ணீர் வாங்க வெளியே போனான். பெண்கள் மூவரும் அடுத்த கூடத்துக்குப் போனார்கள். நான் பின்தங்கினேன். (தங்கினேன் என்ன தங்கினேன், திட்டம் போட்டு நின்றேன்.)

அந்தக் கூடம் இருட்டு. நடுவில் ஒரு திறந்த குளம், இடுப்புயரச் சுவருடன். குழந்தைகள் கைவிட்டுத் தொட்டுப் பார்ப்பதற்காக நட்சத்திர மீன்களும் சின்ன நண்டுகளும் விட்டிருந்தார்கள். சுற்றிலும் பார்த்தேன். எதிர்க் கண்ணாடிக்குள் இருந்த பெரிய களவா மீன் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. அதற்கு முதுகைக் காட்டி, தூக்கைக் குளத்தின் சுவர்மேல் வைத்து, மூடியைத் திறந்தேன். இரண்டு விரலை உள்ளே விட்டேன். துண்டு அகப்பட்டது.

“சிந்துக்க அப்பா, எங்க நிக்குதிய?”

ராதாமணியின் குரல். என் முழங்கை தானாகவே உதறியது. தூக்கு ஒரு சுற்றுச் சுற்றி, குளத்துக்குள் தலைகுப்புற விழுந்தது.

சிவப்பு எண்ணெய் நீர்மேல் விரிந்தது. ஒரு நட்சத்திர மீனின் முதுகில் கறிவேப்பிலை போய் ஒட்டிக்கொண்டது. மிளகாய்ப்பொடி கடல்நீரில் இத்தனை வேகமாகப் பரவும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. பக்கத்தில் வந்த ஒரு குழந்தை, “அம்மே, தோ வெந்த மீன்!” என்று கூவியது. நான் விறுவிறுவென்று நடந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூடத்தின் மறுமூலையில் ஒரு தகவல் பலகையைப் படிக்க ஆரம்பித்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது.

விசில் ஊதினார்கள். ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒரு காவலர் தூக்கை வெளியே எடுத்துப் பிடித்தார். சத்தம் கேட்டு மற்றவர்களோடு வந்த அக்கா, “அய்யோ, எனக்க தூக்கு!” என்றாள்.

“ஆரா இது செய்தத்?” என்று காவலர் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். “எலே, ஒனக்க கையிலல்லவா குடுத்தேன்?”

அந்த நேரத்தில்தான் ஜெரோம் தண்ணீர் பாட்டிலுடன் உள்ளே நுழைந்தான். அவனைப் பார்த்ததும் என் வாய் தன் பாட்டுக்குப் பேசியது. “நான் செத்த நேரம் முன்ன ஜெரோமுக்க கையில குடுத்துட்டேனே.”

ஜெரோம் என்னைப் பார்த்தான். தூக்கைப் பார்த்தான். குளத்தைப் பார்த்தான். பிறகு மறுபடி என்னைப் பார்த்தான். என் சட்டையில் குழம்பு தெறித்திருந்ததை அவன் கவனித்திருக்க வேண்டும்.

“ஆமா அத்தை. எனக்க கையில இருந்துதான் விழுந்து. மன்னிக்கணும்” என்றான்.

அக்காவின் முகம் மாறியது. “திறந்து பாத்தியோ? கடப்புறத்துல பொறந்து வளந்தும் மீனு தின்னுக கொதி தீரலியாக்கும்!”

அத்தனை பேர் முன்னால். சிந்து தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். பேசவில்லை.

ஜெரோம் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வேலையாட்களோடு சேர்ந்தான். உயிர்களை எல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றி, குளத்து நீரை இறக்கி, சுவரைத் தேய்த்துக் கழுவினார்கள். ஒன்றுக்கும் கேடு வரவில்லை. ஒரு நண்டு மட்டும் அயிலைத் துண்டை விட மறுத்ததாம். (நான் தின்ன நினைத்த அதே துண்டாக இருக்கும்.) நாங்கள் வெளியே மரநிழலில் உட்கார்ந்து வெறும் மரச்சீனியைத் தின்றோம்.

திரும்பும் வழியில் வண்டியின் பின்சீட்டில் ராதாமணி என் கையைப் பிடித்தாள். கல்யாணமான புதிதில் அப்படிப் பிடித்தது. நான் நெகிழ்ந்துபோனேன். அவள் அந்தக் கையைத் தன் மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்தாள். பிறகு, பிறர் பொருளைத் திருப்பி வைப்பதுபோல, அதை என் மடியில் வைத்தாள்.

அக்கா தன் வீட்டில் இறங்கும்போது சொன்னாள்: “வயறுகாணலுக்கு என்ன விளிக்கண்டாம்.”

எங்கள் வீட்டுக்கு வந்ததும் ராதாமணி கேட்டது ஒரே கேள்விதான். “நீங்களா சொல்லுதியளா, நான் போய்ச் சொல்லட்டா?”

மறுநாள் காலையில் காட்டாக்கடைக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். தவறுதலாக, எதிர்பாராமல், இருட்டில் என்றெல்லாம் நல்ல நல்ல சொற்கள் சேர்த்து வைத்திருந்தேன். அக்கா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அந்தத் தூக்கையே தேங்காய் நார்ச் சகிரி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சேர்த்து வைத்த சொல் ஒன்றும் வரவில்லை.

“அக்கா, தூக்கு எனக்க கையில இருந்தாக்கும் விழுந்து. ஜெரோம் அதத் தொட்டதுகூட இல்ல. கட்டுத் தின்னப் பாத்தது நான்.”

சகிரி நின்றது. “பின்ன அவன் எதுக்கு ஏத்துக்கிட்டான்?”

“எனக்க மானம் போவாண்டாம்னு.”

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவள் சகிரியைக் கீழே வைத்தாள்.

“எலே, நீ செஞ்சது களவு, பொய். அதுக்கெல்லாம் பேரு உண்டு. அத்தன பேருக்க முன்னால நான் அவன சொன்னேனே, அதுக்கு என்னலே பேரு?”

அவள் எழுந்து கையைக் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

“வண்டி விளி.”

“எங்கக்கா?”

“பொழியூருக்கு.”

நாங்கள் போனபோது ஜெரோம் வீட்டு முற்றத்தில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா பிலோமினா எங்களைக் கண்டு திகைத்து, நாற்காலி எடுக்க உள்ளே ஓடினாள். முந்தின நாள் நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அவன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிந்துவிடம்கூட, தூக்கு தன் கையிலிருந்துதான் விழுந்தது என்று சாதித்திருக்கிறான்.

பிலோமினா திரும்பி வந்ததும், அவளும் சிந்துவும் கேட்க, நான் எல்லாவற்றையும் சொன்னேன். இருட்டு, எதிர்பாராமல் என்றெல்லாம் சேர்க்காமல் சொன்னேன். கடைசியில், “என்ன பொறுத்துக்கோ மக்கா” என்றேன்.

ஜெரோம் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டான். “மாமா, ஒரு துண்டாவது தின்னியளா?”

“இல்ல மக்கா.”

“சே! அதல்லவா நட்டம்!”

முதலில் சிரித்தது சிந்து. அவள் சிரித்துவிட்டாள் என்பதால் நான் அழுதேன். அக்கா போய் ஜெரோமின் கிரீஸ் கையையே பிடித்துக்கொண்டு, “நேத்து சொன்னத நான் திருப்பி எடுத்துக்கிடுதேன் மக்கா. எனக்க வாயி பொல்லாத வாயி” என்றாள். அவன், “விடுங்க அத்தை, சேலையில கறை ஆவும்” என்றான். அவள் விடவில்லை. சேலையில் கறை ஆனது.

பிலோமினா எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. அந்த வீட்டில் அக்கா முதன்முதலாகச் சாப்பிட உட்கார்ந்தாள். மீன்சட்டி வந்தது. நான் பரிமாற உதவும் எண்ணத்தில் மூடியை நோக்கிக் கையை நீட்டினேன். அக்கா தடுத்தாள்.

“எலே சோமா, மூடியத் தொடாத! இந்த வீட்டுல மீனுக்கு இல்ல, மனுசருக்காக்கும் விளம்புகது!”

அன்று தொடங்கியது அந்தக் கேலி. வயறுகாணலுக்கு அக்கா முந்திரிக்கொத்துத் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தாள். எல்லோர் கையிலும் ஒரு பலகாரப் பாத்திரம் இருந்தது. என் கையில் மட்டும் ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்ட உறவினர்களுக்கெல்லாம் அக்காவே கதையைச் சொன்னாள். இன்றும் எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ புதுவீட்டுப் பால்காய்ச்சோ, சாம்பார் வாளியை நான் தொடப் போனால், “சார் மீனுக்கு மட்டும் விளம்பினாப் போதும்” என்று யாராவது வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த மருமகன் மட்டும் அன்று வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால், கேலி செய்ய இத்தனை பேர் என்னைச் சுற்றி மிஞ்சியிருப்பார்களா என்று தெரியாது. (முன்பெல்லாம் நான் அவனை ‘அவன்’ என்றது அலட்சியத்தில். இப்போது சொல்வது உரிமையில்.)

பேத்திக்குச் சோறூட்டும்போது ஜெரோம் சொல்லும் கதையும் இதுதான். ஒவ்வொரு முறையும் மீன்கள் கூடிக்கொண்டே போகும். இப்போது ஒரு சுறா எட்டிப் பார்த்து மரச்சீனி உண்டா என்று கேட்கிறது. அதிலெல்லாம் நான் தலையிடுவதில்லை. ஆனால் கதை குளத்தங்கரைக்கு வந்ததும், அவன் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “அப்பாக்க கையில இருந்து தூக்கு வழுவி...” என்பான். இத்தனை காலம் கழித்தும் அவனுக்கு அதை என்மேல் வைக்க மனம் வருவதில்லை.

அந்த ஓர் இடத்தில் மட்டும் நான் கதையை நிறுத்துவேன். “அப்பாக்க கையில இல்ல மக்கா, அப்பூப்பாக்க கையில இருந்து” என்று என்னையே சுட்டித் திருத்துவேன்.

ஜெரோம் தலையைக் குனிந்து சிரித்தபடி அடுத்த உருண்டையைப் பிசைவான். பேத்திக்கு யார் கை என்பதில் அக்கறை இல்லை. “பின்ன?” என்று வாயைத் திறப்பாள்.