214-ஆம் அறையில் பதினொரு குறைகள்

அனுப்புநர்: மரியஜோசப், ஓய்வுபெற்ற போர்மேன் (கன்வேயர் பெல்ட்), வடக்குத்து, நெய்வேலி.

பெறுநர்: பொது மேலாளர் அவர்கள், அலைமுகம் ரிசார்ட், புதுச்சேரி.

பொருள்: நானே எழுதிய குறைகளை நானே வாபஸ் வாங்குவது சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய செங்குட்டுவன் சார் அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவி அன்னமேரியும் சுகம். தாங்களும் தங்கள் ரிசார்ட்டின் எல்லா டிபார்ட்மென்ட்டுகளும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். நான் தங்கள் ஹவுஸ்கீப்பிங்கில் ஒன்றரை வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கும் ஷைனியின் தகப்பன். எங்கள் கல்யாண நாளுக்கு, ஊழியர் குடும்பம் என்ற சலுகையில், சென்ற மாதம் 214-ஆம் அறையில் இரண்டு நாள் தங்கியவன் நானே. கிளம்பும்போது ரிசப்ஷனில் நீட்டிய கருத்துப் படிவத்தில் பதினொரு குறை எழுதிய பாவியும் நானே.

ஏன் எழுதினேன் என்பதைத் தாங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். முப்பத்தாறு வருஷம் சுரங்கத்துல பெல்ட் பாத்தவன் சார் நான். எங்க ஷிப்டுலயும் இதே மாதிரி ஒரு பாரம், அதான் படிவம், உண்டு. பெல்ட்ட நடந்து பாத்துட்டு, கண்ட குறைய அதுல எழுதணும். எல்லாம் சரின்னு எழுதிக் குடுத்தா இன்சார்ஜ் மூஞ்சியிலயே வீசுவாரு. "கண்ண எங்கய்யா வச்சிக்கினு நடந்த, போய்த் திரும்பப் பாத்துட்டு வா"ம்பாரு. குறை எழுதறவன்தான் அங்க வேலை செய்யறவன். உங்க ரிசப்ஷன் பொண்ணு சிரிச்சிக்கினே பாரத்த நீட்டினதும் கை தானா பேனாவ எடுத்துடுச்சி. அன்னமேரி சட்டையப் புடிச்சி இழுத்தா. "நல்லா இருந்துதுன்னு ஒரு வார்த்த எழுதிட்டு வாங்களேன், பஸ்சு போயிடும்"னா. கேட்டனா? பாரத்துல பதினோரு கோடு போட்டிருந்துது. எனக்கு ஏழு குறைதான் தேறிச்சி. மிச்ச நாலு கோட்டக் காலியா வுட்டுட்டு வர மனசு வரல சார், யோசிச்சி யோசிச்சி ரொப்பினேன்.

மொதக் குறை, பாத்ரூம் குழாய் சொட்டினது. ரிசப்ஷனுக்குப் போன் பண்ணா, ஹவுஸ்கீப்பிங்குக்குச் சொல்றோம்னாங்க. ஹவுஸ்கீப்பிங்குலேந்து ஒருத்தர் வந்தாரு, இடுப்புல கைய வச்சிக்கினு கொஞ்ச நேரம் பாத்தாரு, "ஆமா சார், சொட்டுது. இது மெயின்டனன்ஸ்"னுட்டுப் போயிட்டாரு. மெயின்டனன்ஸ்காரரு ஸ்பேனரோடயே வந்தாரு, ரிசப்ஷன் இன்னும் கம்ப்யூட்டர்ல ஏத்தலியே, ஏத்தாம கை வச்சா எனக்கு மெமோ குடுப்பாங்கன்னு ஸ்பேனரோடயே திரும்பிட்டாரு. மூணு டிபார்ட்மென்ட்டும் துக்கம் விசாரிச்ச மாதிரி வந்துட்டுப் போனதும், நானே வேட்டி ஓரத்துல நூல உருவி மரையில சுத்தி நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் ரிசப்ஷன்லேந்து போன்: "சார், கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சி, ஆள் பாக்க வராங்க, இப்ப சொட்டுதுங்களா?" ரெண்டாவது, சாம்பார் ஆறிப்போனது. கிச்சனக் கேட்டா கொதிக்கக் கொதிக்கக் குடுத்தோம்னாங்க, பரிமாறுறவரக் கேட்டா லிப்ட்ட கல்யாணப் பார்ட்டிக்காரங்க புடிச்சி வச்சிருந்தாங்கன்னாரு.

இதுல ஒருத்தர் பேரையும் நான் எழுதல சார். குறைய எழுதினா குறைய சரி பண்ணுவாங்க, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உங்க ஊர்ல குறைய வுட்டுட்டு ஆளத் தேடுவீங்கன்னு எனக்கு என்ன தெரியும்? காலை மீட்டிங்குல எல்லா டிபார்ட்மென்ட்டுத் தலைவருங்களும் உக்காந்து, எங்க மேல இல்ல எங்க மேல இல்லன்னு பாரத்த ஒருத்தர் பக்கம் ஒருத்தர் தள்ளி வுட்டிருக்கீங்க. கடசியில, பதினொண்ணும் அறைக்குள்ளதான் நடந்திருக்கு, அறைன்னா ஹவுஸ்கீப்பிங்குன்னு முடிச்சிட்டீங்களாம். ஷைனி போன்ல அழுதுக்கினே சொல்லிச்சி. ஆறிப்போன சாம்பாருக்கு மெத்த விரிக்கிறவ என்னங்க பண்ணுவா? ஊதி ஊதிச் சூடு பண்ணுவாளா?

ஹவுஸ்கீப்பிங்குல ஒரு ஆள வேலையிலேந்து நிறுத்தணும்னு சொல்லியிருக்கீங்க. அது முடிவாகற வரைக்கும் ஷைனியோட பர்மனென்ட் ஆர்டர் நிக்குதாம். அந்த ஒரு ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதா? அப்பன் எழுதின பாரம் உங்க ஸ்டாஃப் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு, அதுக்குப் பக்கத்துல நின்னுதான் என் பொண்ணு தெனமும் கையெழுத்துப் போட்டுட்டு டூட்டிக்குப் போவுது. "அப்பா, இது உங்க மைன்ஸ் இல்லப்பா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டுது, நாலு நாளா பேசல. நெய்வேலி டவுன்ஷிப்புல வளந்த பொண்ணுக்குப் பர்மனென்ட்டுன்னா என்னன்னு நான் சொல்லணுமா? இங்க வரன் கேட்டு வர்றவங்க பொண்ணு பேரு கேக்கறதுக்கு முன்னாடி அதத்தான் கேப்பாங்க. என் புள்ள வாயில நானே மண்ணப் போட்டுட்டேன் சார்.

ஆகவே எல்லாத்தையும் வாபஸ் வாங்கறேன். குழாய் சொட்டவே இல்ல. சாம்பார் நாக்கு வெந்துபோற அளவுக்குச் சூடு. கட்டில் கிரீச்சுனு கத்தல, அது என் இடுப்பு. ஏசி உறுமல, அது அன்னமேரி குறட்ட. எங்க வேணும்னாலும் வந்து கையெழுத்துப் போட்டுத் தரேன். ஷைனிய மட்டும் நிறுத்திடாதீங்க. அதுக்கு அந்த வேலைய வுட்டா வேற இல்ல.

தங்கள் வூட்டில் குழாய்கள் சொட்டாமலும் சாம்பார் ஆறாமலும் ஆண்டவர் காத்து ரட்சிப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மரியஜோசப்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஷைனி போன் பண்ணிச்சி. பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்துடுச்சாம். அன்னமேரி கேசரிக்கு ரவை வறுக்கப் போயிட்டா, நானும் இந்தக் கடிதாசியக் கிழிக்கத்தான் எடுத்தேன். ஆனா புள்ள குரல்ல சந்தோஷமே இல்ல. என்னம்மான்னேன். வேலை செய்யறவங்களோட சொந்தக்காரங்க தங்கற அறைய அவங்களுக்கே டூட்டி போட மாட்டாங்களாம். 214-ஆம் அறையப் பாத்துக்கினது, கூட வேலை செய்யற சேத்தியாத்தோப்புத் தமயந்தியாம். ஒம்பது வருஷமா கான்ட்ராக்ட், புருஷன் இல்ல, ரெண்டு புள்ளைங்க. இன்னைக்கு மதியம் அவங்கள வேலைய வுட்டு அனுப்பிட்டீங்களாம். அன்னமேரிக்கு முட்டிவலின்னு ஷைனி பேச்சுவாக்குல சொன்னதக் கேட்டுக்கினு, யாரும் கேக்காமயே ரெண்டு ராத்திரியும் கட்டில்ல வெந்நீர்ப் பைய வச்சிட்டுப் போனது அவங்கதானாம். அத நான் பாரத்துல எழுதல சார். வேலை போனது என் புள்ளைக்கு இல்லன்னு எனக்கு மொதல்ல வந்தது சந்தோஷம், அத நெனச்சாதான் வெக்கமா இருக்கு.

ஆகவே கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேலே ஷைனி என்று வரும் இடங்களிலெல்லாம் தமயந்தி என்று திருத்திப் படிக்கவும். ‘என் பொண்ணு’ என்று வரும் இடத்தைத் திருத்த வேண்டாம்.