பட்டனை அமுக்கியதும் கிளம்பிய கார்

பொருள் பார்த்து வாங்கத் தெரியாதவர்கள் என்று உலகத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. நான் அதில் ஆயுள் உறுப்பினர். கத்தரிக்காய் வாங்கினால் சொத்தை, குடை வாங்கினால் முதல் மழையிலேயே கம்பி வெளியே. என்னைத் திருத்த முயன்றவர்கள் எல்லாம் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். நானும் களைத்துவிட்டேன். ஆனால் காருக்கு நான் ரிமோட் ஸ்டார்ட்டர் வாங்கிய கதையை மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லி அலுக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ஏற்காட்டில் கிளியூர் போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டர். (ஆள் வருகையும் காபி மூட்டையும் எழுதுகிற வேலை. பேரைக் கேட்டு மயங்க வேண்டாம்.) முதலாளி புது வண்டி வாங்கியபோது பழைய பெட்ரோல் காரை என் தலையில் கட்டினார். நான் அதைப் பெரிய மரியாதை என்று நினைத்து, மாலை போட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

பனிக்காலம் வந்ததும் கார் தன் சுயரூபத்தைக் காட்டியது. காலையில் சாவியைத் திருப்பினால் இருமும், முனகும், படுத்துவிடும். இஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அம்மாவிடம் கொடுப்பேன். அம்மா அதைத் தோசைக்கல்லில் வைத்துச் சூடு பண்ணித் தருவார். அன்றைக்குச் சுடுகிற முதல் தோசை எனக்குத்தான் என்பது வீட்டில் எழுதாத சட்டம். பெட்ரோல் வாசனையோடு தோசை தின்று பழகிய வயிறு இது.

பிளக்கைச் சுட நேரம் இல்லாவிட்டால் மலைக்காரர்களின் வழி இருக்கிறது. வண்டியை எப்போதும் சரிவைப் பார்த்து நிறுத்துவோம். ரிவர்ஸ் கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லை வைப்போம். காலையில் கல்லை எடுத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் வண்டி உருளும். உருளுகிற வேகத்தில் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் உயிர் வந்துவிடும். ஹேண்ட் பிரேக்கை நம்பி வண்டியை நிறுத்துகிற ஆளை எங்கள் பக்கம் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். என் தங்கை சுமதிக்குச் சேலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அதுவரை வந்தவர்களை எல்லாம் மீசை சரியில்லை, சிரிப்பு சரியில்லை என்று தட்டிக் கழித்தவள், இந்தப் பையன் பெண் பார்த்துவிட்டு வாசலுக்குப் போவதற்குள் என் காதில், "சரிண்ணா" என்றாள். அப்பா இல்லாத வீடு. எனக்கு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அம்மாவுக்கு அதைவிட ஒரு படி மேலே. அவர் கல்யாணத்தைத் தாண்டித் தலைப்பிரசவத்துக்கே போய்விட்டார். எந்த அறை, எந்த உத்தரத்தில் தொட்டில், யாரிடம் சொல்லி மலைத்தேன் வாங்குவது என்று அப்போதே அவர் மனதுக்குள் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கிளம்பும்போது நின்றார்.

"பொண்ண நொம்பப் புடிச்சிருக்குதுங்க. ஆனா ஏனுங்க தம்பி, தலைப்பிரசவத்துக்கு இங்கதான வரோணும்? நேரங்கெட்ட நேரத்துல வலி எடுத்தா இந்தப் பனிக்குள்ள எப்படிங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க?"

"கார் இருக்குதுங்கம்மா."

"கெளம்புமுங்களா?"

"உருட்டி உட்டாக் கெளம்பீருமுங்க" என்றேன். (உண்மை பேச இடம் பார்க்கவும் எனக்குத் தெரியாது.)

"வலி எடுத்த புள்ளைய உள்ள உக்கார வெச்சு உருட்டி உடுவீங்களா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்ற சுமதியின் முகம் செத்துப்போயிற்று. ஒரு சுற்றுலாக்காரரின் காரில் நான் பார்த்திருந்த சாமான் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. "அடுத்த தடவ வாங்கம்மா. ஊட்டுக்குள்ள இருந்து பட்டன அமுக்குனாக் கெளம்பற மாதிரி பண்ணி வெக்கறேன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். தை பிறந்ததும் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அவர் சொன்னார். ஆக, என் தங்கையின் கல்யாணம் ஒரு பட்டனில் வந்து நின்றது.

சேலத்தில் கார் சாமான் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது சாதாதுங்க. ஒரு தடவ முயற்சி பண்ணும், கெளம்பலைன்னா உட்டுரும். இது ஒசத்தி. இஞ்சின் ஓடற வரைக்கும் உடாது. நின்னா மறுக்கா ஸ்டார்ட் பண்ணும், மறுக்கா நின்னா மறுக்கா பண்ணும்."

எங்கள் பனிக்கு அப்படி விடாப்பிடியான ஒன்றுதான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உயர்ந்ததைக் கையில் எடுத்தேன். நான் யோசித்துத் தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். கடைக்காரர் சந்தோஷத்தில் ரிவர்ஸ் எடுத்தால் பாடுகிற ஒரு ஹாரனையும் இலவசமாக மாட்டிவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. வண்டிய எப்பவும் நியூட்ரல்லதான் நிறுத்தோணும்."

"அதுக்கென்னங்க" என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் சேலத்திலேயே தங்கிவிட்டது.

தை பிறந்தது. மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வந்துவிட்டார்கள். வாசல் தெரியாத பனி. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கொண்டை ஊசி வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லை. வந்த கையோடு முகம் கழுவ வேண்டும் என்று முற்றத்து ஓரம் இருந்த எங்கள் தகரக் குளியலறைக்குள் போனார். அவர் வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா, "தம்பி, அந்தக் காரு?" என்று கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது.

காரை முந்தின நாள் கழுவித் துடைத்து, சோக்கை இழுத்து வைத்து, கதவைப் பூட்டியிருந்தேன். சரிவைப் பார்த்து நின்றது. முன்சக்கரத்தில் கல். எல்லாம் ஒழுங்கு. அந்த ஒழுங்கில் என் இடதுகை, என்னைக் கேட்காமல், பல வருடப் பழக்கத்தில் ரிவர்ஸ் கியரையும் போட்டு வைத்திருந்தது. காருக்குப் பின்னால் காபி காயப்போட்ட களம், அதற்குப் பின்னால் அந்தத் தகரக் குளியலறை.

"பாருங்கம்மா" என்று சொல்லிப் பட்டனை அமுக்கினேன்.

கார் ஒரு உதறு உதறியது. பிறகு அதன் வாழ்நாளில் முதல் முறையாக, ஒரே முயற்சியில், அந்தப் பனியில் கிளம்பியது. அம்மா கைகூப்பினார். கார் பாட ஆரம்பித்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் கார் கீழே உருண்டு பார்த்திருக்கிறோம், ஆளில்லாமல் மேலே ஏறி யாரும் பார்த்ததில்லை. நான் வைத்த கல் முன்பக்கம் வைத்த இடத்திலேயே இருக்க, கார் பாடிக்கொண்டே பின்பக்கமாகக் காபிக்கொட்டை மேல் ஏறி வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, நிறுத்துண்ணா!"

ரிமோட்டில் நான்கு பட்டன்கள். எது நிறுத்துவது என்று கடைக்காரர் சொன்னதும் மறந்துவிட்டது. ஒன்றை அமுக்கினேன், சைரன் அலறியது. இன்னொன்றை அமுக்கினேன், விளக்கெல்லாம் கண்ணடித்தது. மாப்பிள்ளை பாய்ந்து போய்க் கதவைப் பிடித்து இழுத்தார். பூட்டியிருந்தது. கார் போய்த் தகரத்தில் முட்டி, இஞ்சின் அணைந்து நின்றது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். சாதா பெட்டியாக இருந்திருந்தால் முடிந்திருக்கும். நான் வாங்கியது உயர்ந்தது. அது மறுபடி ஸ்டார்ட் ஆகி, மறுபடி இடித்து, மறுபடி நின்றது. மூன்றாவது இடியில் தகரம் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார் மாப்பிள்ளையின் அப்பா. இடுப்பில் துண்டு, முகம் முழுக்க சோப்பு.

"ஏனுங்க, யாருங்க அது? நான் இன்னும் முகமே கழுவலீங்க!" என்றார், கண்ணைத் திறக்காமல்.

கல் தொட்டி அசையவில்லை. அதில் மோதிய பிறகுதான் மாப்பிள்ளை கண்ணாடியை உடைத்துக் கையை விட்டு, பானெட்டைத் திறந்து, பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். அதன் பிறகு வந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த நிமிடம் கிளியூர் அருவி எங்கள் வாசலில் இருந்திருந்தால் குதித்திருப்பேன். சுமதி அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. சிதறிய காபிக்கொட்டையைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கணவருக்கு முகம் துடைத்துவிட்டு, என் அம்மாவிடம் வந்தார்.

"பொண்ணு எங்க ஊட்டுக்கு வரட்டுமுங்க. அதுல ஒரு மாத்தமும் இல்ல. என்ர பையன் கண்ணாடிய ஒடைக்கறப்பவே அவன் உங்க ஊட்டு ஆளாயிட்டான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா பிரசவத்த நாங்களே சேலத்துல பாத்துக்கறமுங்க. கோவிச்சுக்காதீங்க."

சுமதி தலை நிமிர்ந்தாள். அம்மா, "அதுக்கென்னங்க, உங்க இஷ்டம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் எவ்வளவு செலவழித்தார் என்று எனக்கு மட்டும் தெரியும். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. ரிமோட்டைக் கழற்றி எறிந்தேன். அடுத்த மார்கழியில் ஒரு விடியற்காலை, எஸ்டேட் ஆபீசுக்குச் சேலத்திலிருந்து போன் வந்தது. சுமதிக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். அம்மா லேகியம், பழைய பருத்திப் புடவை, மலைத்தேன் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். எதிரே நீட்டிய கை தெரியாத பனி. பிளக்கைச் சுடவில்லை. வண்டியை உருட்டவில்லை. சாவியைத் திருப்பினேன், பூனைக்குட்டி மாதிரி கிளம்பிவிட்டது.

மலையின் கடைசி வளைவு திரும்பும்போது, அம்மா மடியில் இருந்த மூட்டையைத் தடவிக்கொண்டே, வெளியே பார்த்தபடி சொன்னார்.

"இப்பக் கெளம்புது பாரு."

சேலம் போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை. அம்மா இன்னொருத்தர் வீட்டு அடுப்பில் கேட்டுக் கேட்டு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினார்.

அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் வீட்டில் முகூர்த்தம் முடிந்த பிறகு யாராவது வந்து சேர்ந்தாலும், சமையல் ஆன பிறகு கேஸ் சிலிண்டர் வந்தாலும், சுமதியின் மகள்தான் முந்திக்கொண்டு, அம்மாச்சியின் குரலிலேயே, "இப்பக் கெளம்புது பாரு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் எங்கள் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள்.