தலைமையாசிரியர் அறைக் கதவைக் கழற்றிய விவரம்

பாஸ்டனில் இருக்கும் தங்கை எஃபிக்கு, கேப் பிரெட்டனிலிருந்து அக்கா மோராக் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாயிருக்க ஒவ்வொரு ஞாயிறும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். நான் உன்னோடு பேசுவதில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். இது பேச்சில்லை, எழுத்து. அதனால் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

பக்கத்து வீட்டுச் சேடி உனக்குப் போன் போட்டு, நான் பள்ளிக்கூடத்தில் திருடியதாகச் சொல்லியிருப்பாள். அவள் குடும்பமே அப்படித்தான். நான் திருடவில்லை. கதவைக் கழற்றினேன், அவ்வளவுதான்.

பேத்தி ஷோனா போன வாரம் அழுதுகொண்டே வந்தாள். புதிதாக வந்திருக்கிற தலைமையாசிரியர் விட்டேக்கர், கோடை விடுமுறைக்கு அப்புறம் ஆட்ட வகுப்பு கிடையாது, அந்த நேரம் கணக்குக்கு என்று சொல்லிவிட்டாராம். கேட்டுக்கொண்டிருந்ததில் அடுப்பில் ஓட்ஸ் ரொட்டி கருகியதுகூடத் தெரியவில்லை. மறுநாள் அவளோடு நானும் பஸ் ஏறிப் போனேன். போய்ப் பார்த்தால், பிள்ளைகள் விழுந்தால் அடிபடக் கூடாதென்று கூடத்துத் தரை முழுக்க ரப்பர் ஒட்டி வைத்திருக்கிறார்கள்! நம் ஆட்டத்தில் கை ஆடாது, உடம்பு ஆடாது, எல்லாம் குதிகாலும் பெருவிரலும் பேசுகிற பேச்சு. ரப்பரில் அது எங்கே கேட்கும்? நம்மோடு படித்த ரானல்ட்தான் வகுப்புக்கு வாசிக்கிறவன், பாவம் பிடிலை இழுத்துக்கொண்டே இருக்கிறான், பிள்ளைகள் சேற்றில் நடக்கிற மாதிரி தொப் தொப்பென்று. இதைப் பார்க்கிற எவனும் வேண்டாமென்றுதான் சொல்வான். நம் சமையலறைத் தரை இற்றுப்போன வருஷம் அப்பா என்ன செய்தார்? கொல்லைக் கதவைக் கழற்றிப் போட்டு அதன்மேல் ஆடவிட்டார். பனிக்காற்று உள்ளே வந்தது, நாம் ஆடினோம். அந்தப் பள்ளிக்கூடத்தில் நல்ல கட்டையாக இருந்தது தலைமையாசிரியர் அறைக் கதவு ஒன்றுதான். அவர் வெளியே போயிருந்தார். ரானல்ட் திருப்புளி கொடுத்தான்.

அவர் திரும்பி வந்தபோது அதன்மேல் ஷோனா ஆடிக்கொண்டிருந்தாள். எஃபி, அந்தச் சத்தம்! தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி!

"இது என் கதவு," என்றார்.

"ஆமா தம்பி. நல்ல கதவு. இத்தனை நாள் சும்மா நின்னுட்டிருந்துச்சு," என்றேன்.

"மிஸஸ் கில்லிஸ், பிள்ளைங்க கணக்குல ரொம்பப் பின்தங்கியிருக்காங்க. ஆடி என்ன வரப்போகுது?"

"நான் நாலாங்கிளாஸோட நின்னவ. அப்பப் படிச்ச கணக்கெல்லாம் போயிடுச்சு. ஆட்டம் போகலையே!"

"அவளுக்கு மறக்காதது ரெண்டுதான் சார்," என்று ரானல்ட் குறுக்கே வந்தான். "ஒண்ணு ஆட்டம். இன்னொண்ணு அடுத்தவங்க செஞ்ச தப்பு." இதையும் மனசில் வைத்திருக்கிறேன்.

பிறகு நம் பழைய டீச்சர் மிஸ் பீட்டனைப் பற்றிச் சொன்னேன். மத்தியானம் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, விறகடுப்பில் ஈரக் கம்பளிக் காலுறைகள் நாற, நம்மை நாலு ஜோடியாக நிறுத்துவாளே. எழுத்து ஏறாமல் மூலையிலேயே நின்ற ஹெக்டர், ஆட்டத்தில் மட்டும் எந்தப் பக்கம் திரும்புவதென்று நாம் எல்லாரும் பார்க்கிற ஆளாக இருந்தானே. வேலித் தகராறில் மக்லெல்லன் வீட்டாரும் நாமும் சர்ச்சில்கூட எதிர்ப்பக்கம் உட்கார்ந்த காலம் அது. ஆனால் எட்டுப் பேர் சதுரமாக நின்று சுற்றி வரும்போது, எதிரே வருகிறவர் யாரானாலும் கை கொடுத்தாக வேண்டும். ஒருத்தர் கொடுக்காவிட்டால் எட்டுப் பேரின் ஆட்டமும் நின்றுபோகும். மக்லெல்லன் பையனின் கை நனைந்த கயிறு மாதிரி இருந்தது, இப்பவும் என் உள்ளங்கைக்குத் தெரியும். "இதை எந்தக் கணக்குல தம்பி சொல்லிக்கொடுப்பீங்க?" என்றேன்.

மனிதர் கதவில்லாத தன் வாசலையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. அடுத்த மாசம் பெற்றோர் கூட்டம் இருக்கு. அந்த மிஸ்கிட்ட படிச்ச எட்டுப் பேர் வந்து ஆடிக் காட்டுங்க. நிறுத்தணுமா வேண்டாமான்னு அவங்களே சொல்லட்டும். இப்ப என் கதவைக் கொடுங்க."

ஊரில் ஏழு பேர்தான் மிச்சம். "எஃபியைக் கூப்பிடேன்," என்றான் ரானல்ட். முடியவே முடியாது என்றேன். அம்மா தன் தோல் ஷூவை எனக்கென்று கொடுத்தாள். பள்ளிக்கூட விழாவன்று அதில் பேப்பர் திணித்து நீ போட்டுக்கொண்டு மேடையேறினாய். நான் ரப்பர் பூட்ஸோடு கதவோரம் நின்றேன். ரப்பர் என்றாலே எனக்கு ஆகாததற்கு நீதான் காரணம். பாஸ்டனுக்கும் அந்த ஷூவைக் கையோடு கொண்டுபோனாய். அதனால் உன் இடத்தில் துடைப்பத்தை நிறுத்தப்போகிறோம். அது யார் ஷூவையும் எடுக்காது. நீ வர வேண்டாம்.

புனித அன்னாள் உன் மூட்டுகளையும், உன் பிள்ளைகளையும், அந்தச் சோம்பேறி மாப்பிள்ளையையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அக்கா,
மோராக்

பி.கு.: நேற்றுத் துடைப்பத்தோடு ஆடிப் பார்த்தோம். சுற்றி வந்து அதன் எதிரே கையை நீட்டினேன். அதற்குக் கை இல்லை. ஆட்டம் நின்றுபோய், எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கூட்டத்துக்கு முந்தின வாரமே பஸ் ஏறி வந்துவிடு. அம்மாவின் ஷூவை நீ எறிந்திருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். எடுத்து வா. நீயே போட்டுக்கொள். இப்போது பேப்பர் திணிக்க வேண்டியிருக்காது.