கல்லு பாய் வீட்டுக் கடல்

சிட்லபாக்கத்தில் ஏரிதான் உண்டு, கடல் கிடையாது என்று நினைப்பவர்கள் எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளத்துக்கு வந்ததில்லை என்று அர்த்தம். அங்கே ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் கல்லு பாய் சொந்தமாக ஒரு கடல் வைத்திருந்தார். அதில் மீனைவிடக் கல் அதிகம். கல்லைவிட, அதை எங்கே வைப்பது என்ற அவருடைய கவலை அதிகம்.

அவருடைய உண்மையான பெயர் வாசல் பலகையில் இருந்தது. யாரும் படித்ததில்லை. கூரியர்காரர்கூட, "கல்லு பாய் வூடு எது சார்?" என்றுதான் கேட்பார்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தார் பாய். எல்லாவற்றையும் நேர்கோட்டில் பார்த்துப் பழகிய கண். அடுத்தவர் வீட்டுக் காலண்டர் கோணலாகத் தொங்கினால், அதை நிமிர்த்திவிட்டுத்தான் "சௌக்கியமா?" என்பார். அப்பேர்ப்பட்டவர், கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து துளைத்துளையான பாறைகளை ஆட்டோவில் ஏற்றிவந்து உப்புத் தண்ணீருக்குள் அடுக்கினால் எப்படி இருக்கும்? ரசமட்டம் வைத்து அடுக்கினார்.

அவர் மனைவி ரஹ்மத் அக்கா பார்த்தார். "என்னங்க இது? கடல்னு சொல்லிட்டு காம்பவுண்டு சுவர் கட்டி வச்சிருக்கீங்க?"

மீன்களும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். ஒளிய ஒரு பொந்து இல்லாமல், எல்லாம் மோட்டாருக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டன.

அன்றிலிருந்து பாய் கோணலைக் கற்கத் தொடங்கினார். பாடம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். மாணவர் அவர், அவதி எனக்கு. "சார், ஒரு நிமிஷம் கீழ வாங்க" என்று போன் வரும். நான் சோபாவில் உட்கார வேண்டும். அவர் தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டபடி கேட்பார்.

"இப்ப பாருங்க. இயற்கையா கீதா?"

"இருக்கு பாய்."

"சும்மா சொல்றீங்க."

"சரி, கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்க."

"அப்ப இவ்ளோ நேரம் இயற்கையா இல்லியா?"

காபி ஆறும். இட்லி ஆறும். கடைசியில் கல் முதலில் இருந்த இடத்துக்கே திரும்பி வரும்.

இதெல்லாம் நம் தலையோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர் மகள் நஸ்ரினைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. பாய் அவர்களைத் தொட்டிமுன் வரிசையாகக் குனியவைத்து, ஒவ்வொரு கல்லாக அறிமுகம் செய்தார். மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. போனவர்கள் போனவர்கள்தான்.

நஸ்ரின் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. பாய் ஒடிந்துபோனார். "சார், எம்பொண்ணு சிரிச்சினே இருக்குற பொண்ணு" என்றார் என்னிடம்.

அடுத்த வரன் வந்தபோது ரஹ்மத் அக்கா முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். "இன்னைக்குக் கல்லுன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரக்கூடாது." பாய் சத்தியம் செய்தார். தைரியத்துக்கு என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பா சமோசாவைக் கடித்தபடி கேட்டார். "கடையில என்னென்ன வியாபாரம் பாய்?"

"டைல்ஸ். மார்பிள். அப்புறம் கிரானைட்டு. அதுவும் ஒரு கல்..." என்றவர், அக்காவின் பார்வை பட்டதும் இருமினார். "கலர் நல்லா இருக்கும்."

அப்போதுதான் தொட்டியிலிருந்து "டப்!" என்று ஒரு சத்தம்.

"கண்ணாடி போச்சு!" என்று அலறினார் பாய். "பிடிங்க! எல்லாரும் பிடிங்க!"

மாப்பிள்ளையின் அப்பா ஒரு மூலையையும், அம்மா ஒரு மூலையையும், நான் நடுவையும் கட்டிப்பிடித்தோம். மறுபடி "டப்!" கண்ணாடியில் கீறல் ஒன்றும் இல்லை. சத்தம் போட்டது, பாய் அந்த வாரம் வாங்கித் தொட்டியில் விட்டிருந்த ஒரு சின்ன இறால். கொடுக்கைச் சொடுக்கினால் வெடி மாதிரி கேட்குமாம். கடைக்காரர் அவரிடம் அதைச் சொல்லவில்லை. மணலைத் தோண்டும் என்றும் சொல்லவில்லை. பாயோ பாறைகளைத் தொட்டியின் அடித்தளத்தில் ஊன்றாமல் மணலின்மேலேயே வைத்திருந்தார். நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போதே மூலையில் அவர் அடுக்கியிருந்த கல் கோபுரம் மெல்லச் சாய்ந்து விழுந்தது. பொந்துக்குள் இருந்த ஆரஞ்சு மீன் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

"ஐயோ, அது நஸ்ரின் மீனு!" என்றார் பாய். பதற்றத்தில் உள்ளே விட்ட கையில் கல் வழுக்கிக்கொண்டே போனது.

மாப்பிள்ளை எழுந்தார். முழுக்கைச் சட்டையைச் சுருட்டினார்.

"இருங்க! கையில அத்தர் பூசிக்கீறீங்களா?" என்று தடுத்தார் பாய். "மீனுக்கு ஆவாது!"

பாவம், பெண் பார்க்க வந்த பிள்ளை, மணக்க மணக்க வந்திருந்தார். சமையலறைக்கு ஓடினார். அங்கே நஸ்ரின் குழாயைத் திறந்துவிட்டாள்.

"சோப்பு போடாதீங்க. அதுவும் ஆகாது."

"அப்ப எப்படிங்க போகும்?"

"தேய்ங்க. இன்னும் நல்லா தேய்ங்க."

அவர்கள் இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டது இதுதான்.

அவர் திரும்பி வந்து, கையை விட்டு, கல்லைத் தூக்கிப் பக்கத்துப் பாறைமேல் சாய்த்தார். மீன் வெளியே வந்து ஒரு சுற்று சுற்றியது. நஸ்ரின் சிரித்துவிட்டாள்.

கல்லோ படுகோணல். பாயின் கை தானாக அதை நோக்கிப் போனது.

"மாமா, அது அப்படியே இருக்கட்டுமே. நல்லாத்தானே இருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

மாமா! ரஹ்மத் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பாயின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. பிறகு வெளியே வந்தது.

கல்யாணம் முடிந்து நஸ்ரின் சிங்கப்பெருமாள் கோவில் ஊருக்குக் குடித்தனம் போய்விட்டாள். பாய் மற்றக் கற்களை இன்னமும் நகர்த்திக்கொண்டுதான் இருக்கிறார். மூலைக் கல்லை மட்டும் தொடுவதில்லை. சில சாயங்காலங்களில் கடையை அடைத்துவிட்டு வந்து, தொட்டி விளக்கின் வெளிச்சத்தில், அதன் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பார்.

அந்த நாட்களில் எனக்குப் போன் வராது. நானாகவே இறங்கிப் போய், பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.