ஜாடிக்குள் ஆள் இருக்கிறது

அன்புள்ள மச்சான் கமலநாதனுக்கு, காப்பாரிலிருந்து ரெங்கசாமி எழுதுவது. நீங்களும் குமுதாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாரியம்மன் துணை. உங்கள் அக்கா புஷ்பவல்லி சுகம். எனக்குத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை லோரி அனுப்பாதீர்கள். புதுமனைக்கு நீங்கள் கேட்ட உங்கள் பெரிய மண்ஜாடிக்குள் ஆள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தபோது ரம்புத்தான் மரத்தில் ஓர் இருவாச்சிப் பறவையைப் பார்த்தீர்களே, அதன் பெண்டாட்டிதான். கொட்டகையில் சாய்ந்து கிடந்த ஜாடிக்குள் புகுந்து, ஜாடி வாயைச் சேற்றாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொண்டுவிட்டது. அலகு நுழையும் சந்து மட்டும் பாக்கி. புருஷன்காரன்தான் அத்திப்பழமும் ஓணானும் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். காலமெல்லாம் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தும் தலைதூக்கி ஒரு பறவையைப் பார்க்காதவன் நான். அந்த மஞ்சள் அலகும், கறுப்பு இறக்கையில் வெள்ளை விளிம்பும், அது உஸ்ஸென்று காற்றை அறுத்துக்கொண்டு இறங்குகிற அழகும், அடடா, கையெடுத்துக் கும்பிடலாம் மச்சான். அன்றைக்கே சொல்லாததற்குக் காரணம், ஜாடி உங்களுடையது, உடனே காலி பண்ணச் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம்.

நீங்களோ அதைப் பார்த்து, "யம்மாடி, என்னா அழகு! லக்கி லா மாமா நீங்க!" என்று ஒரு பெருமூச்சு விட்டீர்கள். போச்சு! கண் பட்டுவிடும் என்று உங்கள் அக்கா மறுநாளே பிரிக்ஃபீல்ட்ஸ் போய், நாக்கைத் தொங்கப்போட்ட பெரிய திருஷ்டி பொம்மை வாங்கி வந்து ஜாடிக்கு நேர் மேலே கட்டினாள். அப்படியும் உங்கள் கண் ஜெயித்துவிட்டது. அன்றிலிருந்து ஆண் பறவை வரவே இல்லை. பக்கத்து வீட்டு ஜாகிர், "ஆம்பள வரலன்னா தாயும் குஞ்சும் உள்ளயே செத்துடும் அண்ணே" என்கிறார். இடுக்கியில் பப்பாளித் துண்டை நீட்டினேன். பழத்தைத் தள்ளிவிட்டு என் விரலைக் கொத்தியது. உடைக்கலாமென்றால் குஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். காலையிலிருந்து உள்ளே கீச்சுச் சத்தமும் குறைந்துவிட்டது. உங்கள் அக்கா, "ஏங்க, ஏதாச்சும் பண்ணுங்களேன்" என்று கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க?

ஆகவே, கண் வைத்தவர் என்ற முறையில் உங்கள் காலடி மண் ஒரு பொட்டலம் உடனே வர வேண்டும். உப்பு மிளகாயோடு சுற்றிப் போடத்தான். சுங்கை பூலோவில் வாசல் முழுக்க சிமெண்டு என்று சாக்குச் சொல்லாதீர்கள், சுரண்டி அனுப்புங்கள்.

குமுதாவுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு, மண் வந்த பிறகு.

இப்படிக்கு,
ரெங்கசாமி

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது காற்றில் பொம்மை அறுந்து விழுந்தது. விழுந்ததுதான் தாமதம், ரம்புத்தான் மரத்து இலைக்குள்ளிருந்து அவன் இறங்கி வந்தான், வாயில் பழத்தோடு. பாவம், அந்த நாக்கைப் பார்த்துப் பயந்து அங்கேயே ஒளிந்திருந்திருக்கிறான். சந்து வழியாக அலகு வெளியே வந்து பழத்தை வாங்கிக்கொண்டது. உங்கள் அக்கா அழுதுவிட்டாள், நானும்தான். மண் வேண்டாம் மச்சான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜாடி குஞ்சு பறந்த பிறகுதான். ஆனால் வெள்ளிக்கிழமை லோரி வரட்டும். உங்கள் புதுமனைக்கு அந்தப் பொம்மையை ஏற்றிவிடுகிறேன். நன்றாக வேலை செய்கிறது.