பழைய அன்டிவைரஸ் இன்னும் போகாதது பற்றி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள மகன் ஜனுஷனுக்கு,

அப்பா டொமினிக் எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே கனடாவில் நீயும் மருமகளும் இரட்டைக் குட்டிகளும், பிள்ளைப்பேறு பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் வருகிறேன் என்று புறப்பட்டு இரண்டாவது பனிக்காலத்தையும் அங்கேயே கழிக்கும் உன் அம்மாவும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இந்தக் கிழமை உனக்கு வேலை நேரம் மாறிவிட்டதால் போன் எடுக்க ஏலாது என்றும், "இதுவரைக்கும் என்னென்ன செய்தீங்கள் எண்டு ஒழுங்கா எழுதி அனுப்புங்கோ அப்பா, நான் பாத்து ஒரு முடிவு சொல்லுறன்" என்றும் நீ சொன்னாய். அதன்படி எழுதுகிறேன். என் போனில் பொத்தான்களைத் தவிர வேறொன்றும் இல்லாதபடியால், பக்கத்து வீட்டு ஜெனிதா இந்தக் கடிதத்தைத் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

மகன், நீ வெளிக்கிடும்போது கணனியில் போட்டுவிட்டுப் போன அன்டிவைரஸின் காலம் முடிந்ததும், நீ புதிதொன்று வாங்கி அனுப்பியதும், பழையவர் உள்ளே இருக்கும்வரை நான் வரமாட்டேன் என்று புதியவர் வாசலிலேயே நிற்பதும் நீ அறிந்ததே. பழையவர் வேலையை விட்டாரே தவிர வாசலை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீடியோ அழைப்பு வந்தால் திறக்க விடுகிறாரில்லை. ஆனால் பின்னேரமானால் மூலையில் எட்டிப் பார்த்து, நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள் என்று மட்டும் தவறாமல் சொல்கிறார். இந்த வீட்டில் இப்போது என்னை விசாரிக்கிற ஆள் அவர்தான். உன் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒன்றரை மாதமாகிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயம், மற்றதெல்லாம் மின்சாரச் சாமான்.

முதலில் நீ சொன்னபடி பட்டியலில் அவர் பெயரைக் கண்டுபிடித்து, அகற்று என்பதை அழுத்தினேன். எங்களை ஏன் விட்டுப் பிரிகிறீர்கள் என்று ஒரு பெட்டி கேட்டது. கேட்டால் மறுமொழி சொல்லாமல் இருப்பது மரியாதையா? நீ படிக்கப் போனது, அங்கேயே கல்யாணம் கட்டியது, அம்மாவின் விசா நீட்டியது, மறுபடி நீட்டியது எல்லாவற்றையும் விளக்கமாக எழுதினேன். இடம் போதாது என்றது. சுருக்கி எழுதினேன். உங்கள் கருத்து எமக்கு மிகவும் முக்கியம் என்று பதில் வந்தது. நீகூட எனக்கு அப்படிச் சொன்னதில்லை. பிறகு, தனிமைப்படுத்தலில் சில கோப்புகள் இருக்கின்றன, அழிப்பதா விடுவிப்பதா என்று கேட்டது. இப்படியொரு கேள்வி வரும் என்று நீ முன்கூட்டியே அறிவிக்கவில்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன். நான் துறைமுகச் சுகாதாரப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நோய்ச் சந்தேகத்தால் தனிமைப்படுத்தி, மஞ்சள் கொடியோடு வெளியே நிற்கிற கப்பலை, நாள் முடிந்து ஒருவருக்கும் காய்ச்சல் இல்லையென்றால் விடுவித்துத்தான் எனக்குப் பழக்கம், அழித்துப் பழக்கமில்லை. இதுகளோ வருடக்கணக்காய் நிற்கின்றன. அத்தனையையும் விடுவித்தேன். உடனே கணனி முழுக்க உடம்பு மெலிய மருந்தும், மொட்டைக்கு எண்ணெயும், என்னை மணக்கக் காத்திருக்கும் ரஷ்யப் பெண்களும் வந்து நிறைந்தார்கள். நீ போனில் கேட்டாய்:

"அப்பா, வைரஸை ஏன் வெளியில விட்டீங்கள்?"

"நாள் முடிஞ்சுது மகன்."

"என்னவாம் அங்க?" என்று பின்னால் அம்மா கேட்டாள்.

"அப்பாவுக்கு ரஷ்யாவில பொம்பிளை பாத்திருக்காம்."

அவள் சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

அதன் பிறகு நடந்த கதவு விஷயத்தை ஜெனிதா உனக்குத் தன் பங்குக்கு ஒரு மாதிரிச் சொல்லியிருப்பாள், நடந்தது இதுதான். ஷிப்ட் பொத்தானை அமத்திப் பிடித்தபடி கணனியைத் திருப்பி எழுப்பச் சொன்னாய். "நான் சொல்லுமட்டும் கையை எடுக்காதேங்கோ" என்றாய். லைன் அறுந்து போனது. நீ சொல்லவில்லை, நான் எடுக்கவில்லை. ஜெனிதா மீன் குழம்போடு வந்து கதவைத் தட்டினாள். வர ஏலாது பிள்ளை, கையை எடுக்க ஏலாது என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டேன். "எந்தக் கை அங்கிள்?" என்று பதறினாள். வலக்கை என்றேன். "வாய் கோணுதோ அங்கிள்?" என்று கேட்டுவிட்டு என் மறுமொழிக்கு நிற்காமல், பாரிசவாதம் என்று முடிவுகட்டிப் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் வந்து கதவை உடைத்தார். உள்ளே வந்து பார்த்தால் நான் பொத்தானில் விரலோடு சுகமாக இருக்கிறேன். மனிதருக்குக் கோபம், நியாயமான கோபம்தான். கதவு சாத்த ஏலாமல் கிடந்ததால் மறுநாள் நம் ஊர் வீதிகளில் திரிகிற மான்களில் ஒன்று உள்ளே வந்து, காலைச் சாப்பாட்டுக்கு மேசையில் வைத்திருந்த பாணைத் தின்றது, கணனியைக் கொஞ்ச நேரம் பார்த்தது, போய்விட்டது. அதற்கும் ஒன்றும் விளங்கவில்லை போல.

கடைசியாகக் கணனிக்குள் பழையவர் குடியிருக்கிற கோப்புப் பெட்டியைத் தேடிப் பிடித்தோம் அல்லவா? அதை அழிக்க நிருவாகியின் அனுமதி வேண்டும் என்றது. வீடு என் பெயரில், கரண்ட் பில் என் பெயரில், நிருவாகி மட்டும் நீ. எத்தனையோ நாட்டுக் கப்பல்களுக்கு அனுமதி எழுதிக் கொடுத்த கை இது. கடவுச்சொல்லோ உனக்கே மறந்து போயிருந்தது. பிறந்த நாள், பள்ளிக்கூடம், கிரிக்கெட் ஆட்டக்காரர் எல்லாம் போட்டுப் பார்த்தோம். அப்போதுதான் அம்மா போனை உன்னிடமிருந்து வாங்கினாள். "என்ர பேரைத்தானே போட்டவன், பின்னால ஒண்டு ரெண்டு மூண்டு. நீங்கள் சாப்பிட்டியளோ?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். "என்ன சாப்பாடு?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குட்டி ஒன்று அழுதது, அவள் போய்விட்டாள். கடவுச்சொல் சரிதான். ஆனால் அந்தப் பெட்டியை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள், பாவனையில் இருக்கிறது, அழிக்க ஏலாது என்று கணனி சொல்லிவிட்டது. யார் பாவிக்கிறார்கள் என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

இவ்வளவுதான் இன்றைய நிலைமை. போன முறை நீ அலுத்துப்போய், "விடுங்கோ அப்பா, சரிவராட்டி அந்தக் கணனியைத் தூக்கிப் போடுவம்" என்றாய். அந்த முடிவை மட்டும் எடுக்காதே. நான் பொறுமையாக இருக்கிறேன், நீயும் இரு. மருமகளுக்கு என் அன்பு. குட்டிகளின் நெற்றியில் என் பெயரால் சிலுவை அடையாளம் போடு. கடவுள் உங்கள் எல்லோரையும் குளிரிலிருந்து காப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
டொமினிக்.

பி.கு: அம்மாவுக்கு மேலே உள்ளதை மட்டும் வாசித்துக் காட்டு. கிண்ணியாவிலிருந்து வந்து இங்கே கணனி திருத்துகிற இன்ஷாப் போன கிழமையே வந்துவிட்டுப் போனார். "அந்தக் கம்பனியே தன்னைத் துடைக்க ஒரு சாமான் வச்சிருக்கு சேர்" என்று அதைப் போட்டு, நான் கொடுத்த பிளேன்டித் தேத்தண்ணி ஆறுமுன்னே பழையவரை அடியோடு அனுப்பிவிட்டார். புதியவர் உள்ளே வந்துவிட்டார். அழைப்பு வந்தால் திறக்கும், முகமும் தெரியும். நான்தான் உனக்குச் சொல்லவில்லை. கணனி நன்றாக இருந்த காலத்தில் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தீர்கள், அதிலும் இரண்டு ஞாயிறுக்கு ஒன்று தவறிவிடும். பழுதான பிறகு நீ ஒவ்வொரு நாளும் போன் எடுத்தாய், பின்னால் அவளுடைய குரலும் வந்தது. ஆகையால் உன் வேலை நேரம் சரியானதும் எடு மகன். அடுத்ததாக எதை அழுத்த வேண்டும் என்று சொல், அழுத்துகிறேன்.