மோட்டார் தேர்வுக் குழுவின் ஆறு கூட்டங்கள்

"பதினஞ்சு ஹெச்பிக்குக் கீழ எது வாங்கினாலும் அது மோட்டாரே இல்ல, அது வெறும்..."

"பன்னண்டு அடி அலுமினியப் படகுங்க அது! பதினஞ்சு மாட்டினா மோட்டார் மட்டும் போகும், படகு..."

"என்னைப் பேச விடுவியா, மாட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"பேசுங்க" என்றாள் மனைவி. "ஏரி மறுகரைக்கு மீன் வர்றதே நாப்பது நாள். அதுல நாலு நாள் பேசியே போயாச்சு."

உலகில் அவசரப்பட்டுக் கெட்ட காரியங்கள் ஆயிரம். நிதானத்தால் கெட்டது என்று ஒன்றைக் காட்ட முடியுமா? இந்த உண்மையை உணர்ந்தவர் அந்த வீட்டுக்காரர். முப்பத்தோரு வருடம் தலைமை எழுத்தராக இருந்து, ஒரு கோப்பைக்கூட அவசரப்படுத்தாமல் ஓய்வு பெற்றவர். மீன் சீசனுக்கு முந்தின நாள் படகின் 'வருடாந்திரப் பராமரிப்பை' அவரே செய்தார். கண்ணில் பட்ட திருகையெல்லாம் கை வலிக்க வலிக்க இறுக்கினார். மறுநாள் மோட்டார் கிளம்பிய ஐந்தாம் நிமிடம் நின்றது. ஆற விட்டுக் கயிற்றை இழுத்தால் ஓடியது, மறுபடி நின்றது. "ஆயுள் முடிந்தது" என்று அறிவித்துவிட்டு, அன்றே தேர்வுக் குழு அமைத்தார்.

தலைவர் அவர். உறுப்பினர் இருவர். ஒருவன் மச்சினன், நீச்சல் தெரியாது, ஆனால் படகு மோட்டார் வீடியோ ஒன்றுகூட விடமாட்டான். இன்னொருவர் எதிர்வீட்டுக்காரர், தையல் மிஷின் விற்றவர். மோட்டார் உள்ள எதைப் பற்றியும் கருத்துச் சொல்லும் தகுதி அதனால் வந்தது.

மனைவி குழுவில் இல்லை. அவள் மீன் பிடிப்பவள் மட்டுமே. தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்கு வருஷா வருஷம் அவள்தான் மீன் கொடுப்பாள். இந்த முறை கடைக்காரர் சொல்லிவிட்டார்: "ஒரு வாரம் பாப்பேன். மறுகரை மீன் வரலன்னா வேற ஆள் பாத்துக்குவேம்மா." மறுகரைக்குத் துடுப்புப் போட்டால் போகவே மூன்று மணி நேரம்.

முதல் கூட்டத்திலேயே அவள் குறுக்கிட்டாள். "ஏங்க, பெட்ரோல் டாங்க் மூடி மேல ஒரு சின்னத் திருகு இருக்கே. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் இறங்கும். அதையும் இறுக்கிட்டீங்களா?"

"அக்கா, நாங்க கம்ப்ரஷன் பத்திப் பேசிட்டிருக்கோம்" என்றான் மச்சினன்.

"நிகழ்ச்சி நிரல்ல திருகு இல்ல" என்றார் தலைவர்.

'இடைக்கால ஏற்பாடாகத் துடுப்பு' என்று தீர்மானம் நிறைவேறியது. அவள் துடுப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு படித்துறைக்கு இறங்கிப் போனாள். அதன் பிறகு வாயே திறக்கவில்லை. 'குழுவின் மீது நம்பிக்கை பிறந்துவிட்டது' என்று தலைவர் பதிவேட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டார்.

இரண்டாம் கூட்டம் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பது பற்றி. மூன்றாவது, நிறம். நான்காவது, மூன்றாவதில் நிறம் பற்றிப் பேசியது முறையா என்பது. ஒவ்வொன்றிலும் பொரித்த மீன் வந்தது. முதல் கூட்டத்தில் விரல் நீளம். நான்காவதில் தட்டுக்கு வெளியே வால் தொங்கியது.

"அம்மா கைப்பக்குவம்" என்று ஏப்பம் விட்டார் எதிர்வீட்டுக்காரர்.

"துடுப்புப் போட்டாலே ஆரோக்கியம்தான் மாமா. அக்கா முகத்துல களையைப் பாருங்க" என்றான் மச்சினன்.

ஐந்தாம் கூட்டத்தில் ஒரு கவலையான விஷயம் எழுந்தது. கொட்டகையில் இருந்த பெட்ரோல் கேன் காலியாகியிருந்தது.

"வெயில் சார். ஆவியாப் போகும்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"மூடிதான் போட்டிருக்கே?"

"இது மூடிக்கு அடங்கற வெயிலா சார்?"

'ஆவியாதல்' என்று பதிவாயிற்று. அவள் சத்தமில்லாமல் இன்னொரு துண்டு மீனைத் தலைவர் தட்டில் வைத்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் ஆறாம் கூட்டம், பதினைந்து ஹெச்பி, நீளத் தண்டு, வெள்ளை நிறம் என்று ஒருமனதாக முடிவெடுத்தது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு அளவெடுக்க மெக்கானிக் வந்தார். குழு முழுவதும் பதிவேட்டோடு படித்துறைக்கு இறங்கியது. அமைக்கப்பட்ட நாளிலிருந்து குழு படகைப் பார்ப்பது இதுவே முதல் முறை. அவள் அங்கே உட்கார்ந்து வலையை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கடைக்காரரின் கூடை, நிறைய மீனோடு.

மெக்கானிக் படகின் பின்பலகையை டேப்பால் அளந்தார். "சார், இது பதினஞ்சு இஞ்ச். குட்டைத் தண்டுதான் சரி. நீளம் போட்டா தரை தட்டும். பத்து ஹெச்பிக்கு மேல போடாதீங்கன்னு இதோ தகட்டுலயே அடிச்சிருக்கு. யார் சார் முடிவு பண்ணது?"

தலைவர் பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அது இருக்கட்டும், செத்துப்போன அந்தப் பழசைக் கழட்டுங்க" என்றார் தலைவர்.

மெக்கானிக் பழைய மோட்டாரின் மூடியில் கை வைத்தார். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என்ன சார், சுடுது?"

மச்சினன் தொட்டான். எதிர்வீட்டுக்காரர் தொட்டார். கடைசியில் தலைவரும் ஒரு விரலால் தொட்டார். பிறகு மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் வலையை உதறிப் போட்டாள்.

"அஞ்சாம் நாளே அந்தத் திருகை லேசாத் தளர்த்தினேன், ஓட ஆரம்பிச்சுது. அது போகட்டும். ஆறு கூட்டத்துலயும் முள்ளு மிச்சமில்லாம தின்னீங்களே, மறுகரை மீன் துடுப்புலயா வந்து சேரும்னு உங்கள்ல ஒருத்தருக்காவது கேக்கத் தோணுச்சா?"